‘நார்மல்’ என்று நான் எழுதிய ரிப்போர்ட்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். பூந்தமல்லியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது எக்கோ ஸ்கேன் எடுப்பவள் அவள். புது மெஷின் வந்திருக்கிறதாம். இதயத்தின் படம் திரையில் வந்ததும் அதுவே கோடு போட்டு, அதுவே அளந்து, கடைசியில் ‘நார்மல்’ என்றோ ‘நார்மல் இல்லை’ என்றோ எழுதிவிடுகிறதாம்.

“அக்கா, அதுவே போட்டுடுச்சுன்னா நாம திரும்ப அளக்கணுமா?” என்று கேட்டாள்.

“அளக்கணும்” என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள். ஏன் அளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில் பிறந்து அங்கேயே படித்தேன். பி.எஸ்ஸி. முடித்து, ஒரு வருடம் ஈ.சி.ஜி. எடுக்கப் பயிற்சி, அப்புறம் ஒரு சின்ன கிளினிக்கில் நான்கு வருடம். அதன்பிறகு பூந்தமல்லி மருத்துவமனையில் எக்கோ டெக்னீஷியனாகச் சேர்ந்து, இருபத்தாறு வருடம் அந்த ஒரே அறையில் இருந்தேன். ஜன்னல் கிடையாது. விளக்கையும் அணைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். வெளியே மழை பெய்ததே மதியம் சாப்பிடப் போகும்போதுதான் தெரியும்.

எக்கோ எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சுகுமாரன். இதய நிபுணர். எனக்கென்று அறையில் ஒரு நாற்காலி உண்டு. அவர் வந்தால் நான் எழுந்து இடம் கொடுப்பேன், அவர் உட்கார மாட்டார். மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். “கை உங்க கையாவே இருக்கட்டும், நான் பாக்கறேன்” என்பார். முதல் ஆறு மாதம் நான் பதிவு செய்த ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்தார். பாராட்டியதில்லை. “ம்” என்றால் சரி. இரண்டு தடவை “ம்” என்றால் திரும்ப எடுக்க வேண்டும்.

சில பழக்கங்கள் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டன. ஜெல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்திருப்போம். குளிர்ந்த ஜெல் நெஞ்சில் பட்டால் ஆள் திடுக்கிட்டு மூச்சைப் பிடிப்பார், படம் கெடும். நோயாளியை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வோம். விலா எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும். எதை அளந்தாலும் மூன்று துடிப்புகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். “ஒரு துடிப்பு பொய் சொல்லும் எஸ்தர். மூணும் சேர்ந்து பொய் சொல்றது கஷ்டம்” என்பார்.

சர்க்கரை நோயாளிகளிடம் அவர் இன்னும் கவனமாக இருந்தார். அதற்குக் காரணம் என் மூன்றாவது வருடத்தில் வந்த ஒருவர். ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் ஏறி, தானே நடந்து வந்த மனிதர். கை வலி என்றுகூடச் சொல்லவில்லை, வெறும் சோர்வு என்றார். ஸ்கேன் எடுக்கிற புரோபை நெஞ்சில் வைத்தால் இதயத்தின் ஒரு பக்கச் சுவர் அசையவே இல்லை. அவருக்கு மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அவருக்கே தெரியாது. நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் நெஞ்சு வலிக்காது. அன்றிலிருந்து டாக்டர் எனக்கு ஒன்று சொல்லிவைத்தார்: “சுகர் உள்ளவங்க ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னா அதை எழுதாதீங்க. நீங்க பாத்ததை மட்டும் எழுதுங்க.”

நான் எழுதிய தவறான ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள இதயம் செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பிறகு தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்குகிறது. சுருங்குவதைப் பார்ப்பது சுலபம். புதிதாகச் சேர்ந்த பெண்கூட ஒரு வாரத்தில் சொல்லிவிடுவாள். விரிவதைப் பார்ப்பதுதான் கஷ்டம். மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இரண்டு தவணையாக இறங்குகிறது. கீழறை தளரும்போது தானாக இறங்குவது முதல் தவணை. கடைசியில் மேலறை ஒரு தள்ளு தள்ளி அனுப்புவது இரண்டாவது. திரையில் இவை இரண்டு மலைகளாகத் தெரியும். நல்ல இதயத்தில் முதல் மலை உயரம், இரண்டாவது குட்டை. தசை விறைத்துப்போனால் முதல் மலை குட்டையாகிவிடும். அதுவரை குழப்பமில்லை.

விறைப்பு இன்னும் முற்றினால்தான் சிக்கல். மேலறையில் அழுத்தம் கூடிக் கூடி, நடுவில் உள்ள வால்வு திறந்ததும் ரத்தம் பாய்ந்து இறங்கும். முதல் மலை மறுபடி உயரமாகிவிடும். பார்க்க ஆரோக்கியமான இதயம் மாதிரியே இருக்கும். நாங்கள் அதைப் போலி நார்மல் என்போம். அதைப் பிடிக்க வழி இருக்கிறது. அந்த வால்வின் அடிப்பக்கத்தில் தசை நகரும் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். நோயாளியை மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் திரும்பவும் மலைகளைப் பார்க்க வேண்டும். போலியாக இருந்தால் முக்கும்போது முதல் மலை சரிந்துவிடும். இதற்கெல்லாம் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.

ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்னால், ஒரு புதன்கிழமை எனக்கு அந்தப் பத்து நிமிடம் இல்லை.

அன்று மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனை முகாம். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருகிற இடத்தில் இருபத்திரண்டு பேர். வெளியே பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பதினேழாவதாக வந்தவர் தேவகி. மாங்காட்டுக்காரர், ஐம்பத்தொரு வயது, அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலை. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. முகாமுக்கு வந்தவர் அல்ல, டாக்டர் எழுதிக்கொடுத்து வந்தவர்.

“இன்னா பண்ணுதுங்க?” என்று கேட்டேன். நானும் ஆவடிக்காரிதான், அந்தப் பேச்சு எனக்கும் வரும்.

“நெஞ்சு வலில்லாம் இல்ல மேடம். மூச்சுதான் வாங்குது. ஸ்கூல்ல மூணு மாடி ஏறணும். ரெண்டாவது மாடில ஒக்காந்துட்டுதான் போறேன். எங்க ஊட்டுக்காரரு சும்மா சொல்றேன்றாரு. டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாந்தா கீழ வேல குடுக்கறேன்னு எச்.எம். அம்மா சொல்லிகீறாங்க.”

படுக்கவைத்து எடுத்தேன். சுருங்குவது நன்றாக இருந்தது. வால்வுகள் நன்றாக இருந்தன. முதல் மலை உயரம், இரண்டாவது குட்டை. மேலறை சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அளந்தேன், எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. உடம்பு பருமன்தானே என்று விட்டுவிட்டேன். தசை வேகத்தை அளக்கவில்லை. முக்கச் சொல்லவில்லை. கதவைத் தட்டினார்கள். ‘நார்மல்’ என்று எழுதினேன்.

டாக்டர் சுகுமாரன் அன்று பகல் முழுக்க ரத்தக் குழாய் அடைப்பு எடுக்கிற அறையில் இருந்தார். சாயங்காலம் வந்து இருபத்திரண்டு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டார். கிளிப் எதையும் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் பார்க்காமல் போட்டது அதற்கு முன்னால் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். சிறிய மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டிலில் ஒரு பெண் படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கால் இரண்டும் வீங்கியிருந்தன. நுரையீரலில் நீர். பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழவில்லை, கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பெயரைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது.

உட்கார்ந்தபடியே எடுத்தேன். இந்தத் தடவை தசை வேகத்தை அளந்தேன். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, பழைய கிளிப்பைத் திறந்தேன். அன்று நான் அளக்காவிட்டாலும் படம் பதிவாகியிருந்தது. வால்வின் அடிப்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அளக்காமலே தெரியும். நான் பார்க்கத் தெரிந்தவள்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடையில் நோய் முற்றிவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய கிளிப்பைத் தேடிப் பார்க்கிற ஆள் அந்த மருத்துவமனையில் ஒருவர்தான், அவரும் அன்று வேலை மும்முரத்தில் இருந்தார். ஐந்து நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜெபம் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்து, “சார், ஒரு கிளிப் பாக்கணும்” என்றேன்.

அவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பழைய கிளிப்பை ஓடவிட்டேன். ஒரு தடவை பார்த்தார். “திரும்பப் போடுங்க” என்றார். மூன்று தடவை பார்த்தார். “ம்” என்று சொல்லவில்லை.

“முக்கச் சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“மேலறை பெரிசா இருக்கு. பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். விட்டுட்டேன்.”

ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டார். கொடுத்தேன். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“அளந்தது நீங்க. கையெழுத்து என்னோடது” என்றார். “ஆஞ்சியோ முடியட்டும். அப்புறம் ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்.”

மறுநாள் ஆஞ்சியோவில் ரத்தக் குழாய்கள் சுத்தமாக இருந்தன. ஓர் அடைப்புகூட இல்லை. அதற்குள் நீர் இறங்கி, தேவகி மாஸ்க் இல்லாமல் பேசும் நிலைக்கு வந்திருந்தார். வார்டில் அவருடைய கணவர் குமரேசன் நின்றிருந்தார். மாநகரப் பேருந்து ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார்.

டாக்டர் அங்கும் ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து உட்கார்ந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

“அம்மா, மூணு மாசத்துக்கு முன்னாடி எக்கோ எடுத்தீங்க இல்ல, அதுல நார்மல்னு எழுதியிருந்தோம். அது தப்பு. அன்னிக்கே உங்க இதயத்துல பிரச்சினை இருந்திருக்கு. நாங்க சரியாப் பாக்கல.”

“நான்தாங்க எடுத்தேன்” என்றேன். “அளக்க வேண்டியதை அளக்காம விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

குமரேசனுக்கு முதலில் புரியவில்லை. “இன்னா சார் சொல்றீங்க? நார்மல்னு குடுத்தீங்களே. அத்த எடுத்தும் போய்தானே ஸ்கூல்ல குடுத்தோம். அவங்க மேல் மாடி வேலையே பாருன்னுட்டாங்க. நானும்தான் சொன்னேன், ரிப்போட்ல ஒண்ணும் இல்ல, சும்மா பயந்துகினு கீறேன்னு...” பாதியில் நிறுத்திக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தயாராகவும் இருந்தேன்.

“அப்ப நான் நடிக்கல?” என்று கேட்டார்.

“இல்லங்க. நீங்க நடிக்கல.”

அவர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

குமரேசன்தான் மறுபடி கேட்டார். குரல் இறங்கியிருந்தது. “அடைப்பே இல்லன்றீங்க சார். அடைப்பு இல்லாம ஹார்ட்டு எப்படி கெடும்?”

தேவகியின் வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு இருந்தது. டாக்டர் அதைக் காட்டி, “இது என்னம்மா?” என்றார்.

“சத்துணவு கூடத்துல இருந்தப்ப சாம்பார் கொட்டிகிச்சி சார். பத்து வருசம் ஆவுது.”

“தழும்பைக் கிள்ளிப் பாருங்க. பக்கத்துல நல்ல தோலையும் கிள்ளிப் பாருங்க.”

அவர் கிள்ளிப் பார்த்தார். “இது இழுக்க வரல” என்றார்.

“அதேதான். வெந்த இடம் சிவந்து வீங்குது இல்லயா, அதை அழற்சின்னு சொல்றோம். உடம்பு தன்னை ரிப்பேர் பண்ணிக்கிற வேலை அது. வேலை முடிஞ்சா நிக்கணும். சுகர் ரொம்ப நாள் கூடுதலாவே இருந்தா அது நிக்க மாட்டேங்குது. இதயத் தசைக்குள்ள வலி இல்லாம, சிவக்காம, கொஞ்சங் கொஞ்சமா வருஷக்கணக்கா ஓடுது. ஓடுற இடத்துலல்லாம் முடி மாதிரி மெல்லிசா தழும்பு விழுது. தழும்பு விழுந்த தசை சுருங்கும், விரியாது. விரியாத இதயத்துக்குள்ள ரத்தம் இறங்காம பின்னாடி தேங்கி நுரையீரலுக்கு வருது. அதுதான் உங்க மூச்சு.”

“அந்த அழற்சிய நிறுத்த மாத்திர இல்லயா சார்?” என்றார் குமரேசன்.

“அதுக்குன்னே தனியா, நம்பி எழுதிக் குடுக்கற மாத்திரை இன்னிக்கு என்கிட்ட இல்ல. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. எங்களுக்கே முழுசாத் தெரியாத விஷயம் இதுல நிறைய இருக்கு. ஆனா அதுக்குத் தீனி போடறதை நிறுத்தலாம். சுகர், பிரஷர், இடுப்பைச் சுத்தி இருக்கிற கொழுப்பு. சுகருக்குன்னு வந்த புது மாத்திரை ஒண்ணு இதயத்துக்கும் நல்லது செய்யுது, அதை ஆரம்பிக்கிறேன். பல் ஈறுல ரத்தம் வருதாம்மா?”

“தேய்க்கும்போது வரும்” என்றார் தேவகி.

“பல் டாக்டரைப் பாருங்க. அதுவும் ஒரு அழற்சிதான். அது இருந்தா சுகரும் இறங்காது.”

“விழுந்த தழும்பு போயிடுமா?”

“போகாதும்மா. புதுசா விழாமப் பாக்கலாம்.”

அவர் பொய் சொல்லித் தேற்றவில்லை. அதுதான் அவர் வழக்கம்.

அன்று மதியமே பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் வரியிலேயே, முன்பு கொடுத்த ரிப்போர்ட் எங்கள் தவறு என்று இருந்தது. மருத்துவமனை மேலாளருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. ‘மறுபரிசோதனையில் தெரியவந்தது’ என்று மாற்றலாமே என்றார். “மறுபரிசோதனை பண்ணல. படிக்கட்டுல உக்காந்தவங்க எந்திரிக்கல” என்று சொல்லிவிட்டு டாக்டர் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினார். பள்ளியில் தேவகிக்கு கேட் பக்கத்தில், வருகைப் பதிவேடு எடுத்துவைக்கிற வேலை கொடுத்தார்கள்.

என்னை யாரும் எதுவும் செய்யவில்லை. அது எனக்குச் சுலபமாக இல்லை. கொஞ்ச நாள் நான் தனியாக எடுக்கமாட்டேன், யாராவது கூட இருக்கட்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். “அது உங்களுக்கு ஆறுதல். பேஷண்டுக்கு இன்னா பிரயோஜனம்?” என்றார். அவர் வாயில் ‘இன்னா’ வந்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பதிலாக, பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர் எவருக்கும் நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து எக்கோ எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். முகாம் நாளிலும் அப்படித்தான். மேலாளர் இரண்டு தடவை சண்டை போட்டார். டாக்டர் அவருக்குத் தேவகியின் கிளிப்பைப் போட்டுக் காட்டினார். மேலாளருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் சண்டை நின்றது.

தேவகி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். என்னிடம் எடுத்துக்கொள்ளவில்லை. வரவேற்பில் முதலிலேயே, “அந்த எஸ்தர் மேடம் வேணாம், இன்னொரு பொண்ணு இருந்தா பாக்க சொல்லுங்க” என்று சொல்லிவிடுவார். அப்போது ரேவதி சேர்ந்திருந்தாள், அவள் எடுப்பாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவர் போனபிறகு ரேவதி எடுத்த படங்களை நான் திறந்து பார்ப்பேன். இதயம் சரியாகிவிடவில்லை. மோசமாகவும் இல்லை. மேலறை அளவில் கொஞ்சம் குறைந்தது. உடம்பு இளைத்திருந்தார். ஒருமுறை ரேவதியிடம், மூச்சு முட்டாமல் படுக்க முன்பு மூன்று தலையணை வேண்டியிருந்தது, இப்போது ஒன்று போதும் என்று சொன்னாராம்.

நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தபோது தேவகி வந்தார். கூட இன்னொரு பெண். அவரைவிட எட்டு ஒன்பது வயது சிறியவர், அதே முகஜாடை. ரேவதி அறைக்குள் இருந்தாள், நான் வெளியே பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். தேவகி நேராக என்னிடம் வந்தார்.

“இது என் தங்கச்சி, கலா. இதுக்கும் சுகர். பதினோரு வருசமா. மாத்திரய ஒயுங்கா போட மாட்டா. டாக்டர் எழுதிக் குடுத்துகீறாரு.”

“சரிங்க. ரேவதி இப்ப வந்துடும்” என்றேன்.

“எனுக்கு அந்தப் பொண்ணு பாக்கட்டும். இவளுக்கு நீங்க பாருங்க.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்: “நீங்க இனிமே அவசரப்பட மாட்டீங்க. அது எனுக்குத் தெரியும்.”

கலாவுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. எல்லாவற்றையும் மூன்று துடிப்புகளில் அளந்தேன். முதல் மலை சற்றே குட்டை. தசை வேகம் கொஞ்சம் குறைவு. மேலறை சரியான அளவு. விறைப்பின் தொடக்கம், அவ்வளவுதான். போலி எதுவும் இல்லை, பார்த்ததும் தெரிகிற நிலை. இவருக்கு மூச்சு வாங்குவதுகூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. எழுதி முடித்ததும் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரு தடவை “ம்” என்றார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே தேவகி எழுந்து நின்றார். நான் அவரிடம் சொன்னேன்: “ஆரம்பந்தாங்க. இப்பவே பாத்துக்கிட்டா நல்லா இருப்பாங்க.”

தேவகி ரிப்போர்ட்டை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

“கேட்டியாடி?” என்றார். “உனுக்கு டைம் கீது.”